ஸ்பானிஷ் ஏ1: நிஜ விளம்பரம், நிஜ ரெசிபி வச்சு எழுதிப் பழகுறது

ஸ்பானிஷ் ஆரம்பிச்சவங்க, அதாவது ஏ1ங்கற முதல் லெவல்ல இருக்கறவங்க, நிறைய பேர் கேக்கறாங்க, ஸ்பெயின் வெப்சைட், விளம்பரம் எல்லாம் இப்பவே படிக்கணுமா இல்ல டெக்ஸ்ட்புக் முடிச்சிட்டு பாத்துக்கலாமான்னு. என்னைக் கேட்டா முதல் மாசமே எடுங்க. கஷ்டமா இருக்கேன்னு அதை யாராவது சுலபமாக்கி தருவாங்கன்னு காத்திருக்க வேணாம், அது அப்படியே இருக்கட்டும், அதுல நீங்க தேடுறதை மட்டும் சின்னதா வச்சுக்கோங்க. அப்புறம் படிச்சு முடிச்சதும் அதே மாதிரி ஒண்ணு எழுதியே ஆகணும், பாதி பேர் கோட்டை விடறது இங்கதான்.

எங்க கிளாஸ்ல ரொம்ப கை கொடுத்தது வாடகை ரூம் விளம்பரம்தான். 'செ அல்கீலா அபிதாசியோன்', அதாவது ரூம் வாடகைக்குன்னு ஆரம்பிக்கும், அப்புறம் பர்னிச்சரோட, ஹீட்டிங்கோட, கரண்ட் தண்ணி செலவெல்லாம் வாடகையிலயே சேர்த்தி, சிகரெட் பிடிக்கறவங்க வேணாம், மூணாவது மாடி லிஃப்ட் இல்லன்னு துண்டு துண்டா ஓடும். வெர்ப் கிட்டத்தட்ட கிடையாது, அதனால கிராமர் பயமும் இல்ல. முதல் தடவை வாடகை எவ்ளோ, எந்த மாடி, லிஃப்ட் இருக்கா, இந்த மூணை மட்டும் தேடுங்க, மத்தது புரியலன்னா போகட்டும். ரெண்டாவது தடவை 'கோன்' (ஓட, சேர்த்து), 'சின்' (இல்லாம) வர்ற இடமெல்லாம் கோடு போடுங்க, எது இருக்கு எது இல்லன்னு பாதி விளம்பரம் அதுலயே தெரிஞ்சுடும். 'எக்ஸ்தெரியோர்'னு போட்டிருந்தா ஜன்னல் தெருவைப் பாத்து இருக்கு, 'இன்தெரியோர்'னா கட்டடத்துக்கு உள்பக்கம், வெளிச்சம் கம்மியா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. நாலு விளம்பரம் பாத்தா இதெல்லாம் தானா பிடிபடும்.

இப்ப புத்தகத்தை மூடிட்டு உங்க ரூமுக்கு அதே ஸ்டைல்ல ஒரு விளம்பரம் எழுதுங்க. பக்கத்துல இருக்கறவர்கிட்ட கொடுத்துட்டு அவரோடதை நீங்க வாங்கி அதுக்கு பதில் மெயில் போடுங்க, பேர், எந்த நாடு, என்ன பண்றீங்க, எப்பலேர்ந்து ரூம் வேணும், கடைசியா ஒரு கேள்வி. எழுதிட்டு எண்ணிப் பாருங்க, முப்பது முப்பத்தஞ்சு வார்த்தைல நிக்கும். செர்வாண்டெஸ் இன்ஸ்டிட்யூட் நடத்துற டெலே ஏ1 எக்ஸாம்ல எழுத்துப் பகுதியோட ரெண்டாவது கேள்வி கேக்கறதும் 30லேர்ந்து 40 வார்த்தைக்குள்ள இந்த மாதிரி ஒரு சின்ன மெயிலோ கார்டோதான். முதல் கேள்வி ஒரு ஃபார்ம் நிரப்பறது, ரெண்டுக்கும் சேர்த்து 25 நிமிஷம். வாசிப்புக்கு 25 மார்க், எழுத்துக்கு 25, ரெண்டும் ஒரே குரூப், அதுல 30 எடுத்தாதான் பாஸ், அதனால வாசிப்புல ஃபுல் மார்க் வாங்கினாலும் எழுத்தை விட்டா ஒண்ணும் நடக்காது.

அடுத்தது ரெசிபி. ஸ்பானிஷ் ரெசிபி நிறைய இடத்துல 'பெலார்' (தோல் உரிக்க), 'கோர்தார்' (வெட்ட), 'அன்யாதிர்' (சேர்க்க)னு வெர்பை மாத்தாம டிக்ஷனரில இருக்கற மாதிரியே எழுதியிருப்பாங்க, ஆரம்பத்துல நமக்கு தெரிஞ்ச வடிவமே அதுதானே. உருளைக்கிழங்கு முட்டை போட்ட தோர்தில்யாங்கற ஸ்பெயின் ஆம்லெட்டை எடுத்துக்கோங்க, பொருள் ரொம்ப கம்மி, வெங்காயம் சேக்கலாமா கூடாதான்னு அந்த ஊர்க்காரங்களுக்குள்ளயே தீராத சண்டை, கிளாஸ்லயும் அதை வச்சே ரெண்டு ரெண்டு வரி எழுத வைக்கலாம்.

மியூசியம் டைமிங்கும் நல்லா வேலை செய்யும். மாட்ரிட்ல ரெய்னா சோஃபியா செவ்வாய்க்கிழமை லீவு, பிராதோ அன்னிக்கும் திறந்திருக்கும், ரெண்டு பக்கத்தையும் பாத்து எந்த நாள் எங்க போலாம்னு ஃப்ரெண்டுக்கு ஒரு மெசேஜ் எழுதுங்க, கிழமை, மணி எல்லாம் அதுலயே பழகிடும். நியூஸ் பக்கம் மட்டும் இப்போதைக்கு வேணாம், பழைய கதை தெரியாம தலைப்பு கூட புரியாது. பாட்டு கேக்கறது சந்தோஷம்தான், ஆனா எழுதறதுக்கு அதுலேர்ந்து எடுக்க பெருசா ஒண்ணும் இல்லன்னு என் அபிப்ராயம்.

திருத்தறப்ப எல்லா தப்பையும் சிவப்புல போட்டா எழுதற ஆசையே போயிடும். ஒரு தடவை ஆண்பால் பெண்பால் பொருத்தம் மட்டும், அடுத்த தடவை வெர்ப் மட்டும்னு டீச்சர்கிட்ட கேட்டு வாங்குங்க, அப்புறம் அதையே திரும்ப ஒரு தடவை எழுதுங்க, புதுசா வேற ஒண்ணு எழுதறதை விட இதுதான் மனசுல நிக்கும். டிரான்ஸ்லேட் ஆப்ல போட்டு எடுத்தா நீங்க இன்னும் படிக்காத டென்ஸ் எல்லாம் வந்து நிக்கும், பாத்த உடனே தெரிஞ்சுடும்.

அப்புறம் ஸ்பானிஷ்காரங்க சாட்ல கேள்விக்கு முன்னாடி வர்ற தலைகீழ் கேள்விக்குறியை (¿) பெரும்பாலும் போட மாட்டாங்க, அதைப் பாத்துட்டு எக்ஸாம்லயும் விட்டுடாதீங்க, அங்க ரெண்டு பக்கமும் போடணும்.