தூக்காத பாதம்

3 பிப்ரவரி 2023

இன்று கட்டைப் பிரித்தார்கள். முழங்காலின் வெளிப்பக்கத்தில் நீளமான தையல். காயம் சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் திருப்தியோடு சொன்னார். தையலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கண் முழுக்கப் பாதத்தின் மேலேயே இருந்தது.

மலப்புறத்தில் இரவு ஆட்டம், செவன்ஸ்: அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து. இடது ஓரத்தில் பந்தைத் தட்டிவிட்டு ஊன்றி நின்ற காலில், முழங்காலின் உட்புறமாக ஒருவன் வந்து மோதினான். பந்து அப்போதே என்னைவிட்டுப் போயிருந்தது. முழங்கால் வெளிப்பக்கமாக வளைந்து திறந்தது. மூட்டெலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் போய்விட்டது என்று விழும்போதே தெரியும். இத்தனை ஆண்டு ஆடியவனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? தெரியாதது வேறொன்று. ஓரத்தில் படுக்கவைத்து பூட்ஸைக் கழற்றியபோது, கானாவிலிருந்து வந்து எங்கள் அணிக்கு ஆடும் நண்பன் "பாதத்தைத் தூக்கு" என்றான். தூக்கினேன். தூக்கியதாகத்தான் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தபிறகே குனிந்து பாதத்தைப் பார்த்தேன். அது தொங்கிக்கொண்டிருந்தது.

முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்க எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. காமன் பெரோனியல் நரம்பு என்று பெயர். பாதத்தை மேலே தூக்குவதும் வெளியே திருப்புவதும் அதன் வேலை. முழங்கால் அந்தப் பக்கமாகத் திறக்கும்போது லிகமென்ட்டோடு சேர்த்து அதுவும் இழுபடும். அறுவையின்போது திறந்து பார்த்திருக்கிறார்கள்: அறுந்துபோகவில்லை, இழுபட்டு வீங்கியிருக்கிறது. லிகமென்ட்டைச் சரிசெய்தார்கள். நரம்பைச் சுற்றியிருந்த அழுத்தத்தை நீக்கிவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள்.

"இனி?" என்று கேட்டேன்.

"இனி காத்திருக்க வேண்டும்" என்றார்.

18 பிப்ரவரி

குமரிக் கடற்கரையில் என் ஊர் தூத்தூருக்கு வந்து சேர்ந்தாயிற்று. காலை ஊன்றக் கூடாது, கட்டிலோடு கிடக்கிறேன். எங்கள் கரையில் கால்பந்து தெரியாத வீடு கிடையாது. ஆகவே வருகிறவர் எல்லாருமே நிபுணர். எல்லார் வாயிலும் ஒரே பெயர், மைக்கேல் சூசைராஜ். பக்கத்து இரயுமன்துறைக்காரர், ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து வரை போனவர். 2020 நவம்பரில், சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அந்த வருடம் முழுக்க வெளியே இருந்தார். "அவனே திரும்பி வந்துவிட்டான், உனக்கென்ன?" என்கிறார்கள்.

அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கேட்கக் கேட்க எரிச்சல் வருகிறது. லிகமென்ட் போனால் வேறோர் இடத்திலிருந்து எடுத்து வைக்கலாம், திருகாணி போடலாம், எத்தனை மாதம் என்று நாள்காட்டியில் வட்டம் போடலாம். நரம்புக்கு வட்டம் போட முடியாது.

அப்பாவுக்கு மட்டும் ஒரே பேச்சில் புரிந்தது. நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலில் கிடந்தவர். "வெளிச்சுற்று நன்றாக இருக்கிறது, உள்ளே இழைகள் அறுந்த கயிறு. அப்படித்தானே?" என்றார். அப்படித்தான். ஒரே வித்தியாசம், இந்தக் கயிற்றின் இழைகள் அறுந்த இடத்திலிருந்து தாமாகவே கீழ்நோக்கி வளரும். ஒரு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்; மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். வேகப்படுத்த மருந்து கிடையாது.

22 மார்ச்

திருவனந்தபுரத்தில் நரம்புப் பரிசோதனை. களியக்காவிளை வழியாக, காலை நீட்டிக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர்களின் பெருமூச்சைச் சகித்துக்கொண்டு போனோம்.

முதலில் மின் அதிர்வு. முழங்காலுக்குப் பக்கத்தில் தட்டினால் பாதத்தில் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஊசி. முன்னங்கால் தசைக்குள் மெல்லிய ஊசியைச் செருகி, தசை எழுப்பும் மின்சாரத்தை ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். நல்ல தசை ஓய்வில் அமைதியாக இருக்குமாம். என்னுடையது சும்மா இருக்கும்போதே சடசடவென்றது. நரம்பின் தொடர்பு அற்றுப்போன தசை அப்படித்தான் தானாகத் துடிக்கும் என்றார் டாக்டர். "இப்போது தூக்குங்கள்" என்றார். தூக்கினேன். அதே சடசடப்பு, கூடுதலாக ஒன்றும் இல்லை.

இன்னொரு செய்தியும் சொன்னார். நரம்பு வந்து சேரும்வரை தசை காத்திருக்கும், என்றென்றைக்கும் அல்ல. ஒன்று, ஒன்றரை ஆண்டுக்குமேல் ஆனால், நரம்பு வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் தசை இருக்காது. இரண்டுக்கும் நடுவில் ஓட்டப்பந்தயம். ஓடுவது நான் அல்ல. அதுதான் தாங்க முடியவில்லை.

9 ஏப்ரல், ஈஸ்டர்

ஊன்றி நடக்க அனுமதி கிடைத்துவிட்டது. பூசைக்குப் போனேன். முழங்காலை உயர்த்தி, பாதத்தை வீசி, சட்டென்று வைத்து நடக்கிறேன். இல்லாவிட்டால் பெருவிரல் தரையில் இடறும். ஒவ்வொரு அடிக்கும் 'டப்' என்று சத்தம். கோயிலின் கல்தரையில் அது எல்லாருக்கும் கேட்டது. சின்னப்பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர்கள் திரும்பாமல் பார்த்தார்கள்.

ரப்பர் செருப்பு காலில் நிற்கவில்லை. செருப்பைக் காலில் பிடித்து வைத்திருப்பது விரல்களைத் தூக்கும் தசை என்று யாருக்குத் தெரியும்? இடது செருப்பு வாசலிலேயே கிடந்தது. நான் நாலடி முன்னே போயிருந்தேன். பாதத்தின் மேல்புறத்துக்கு உணர்ச்சி இல்லாததால் அது கழன்றதும் தெரியவில்லை. உள்ளங்கால் வேறு நரம்பைச் சேர்ந்தது. அதில் மணல் சுடுவது நன்றாகவே தெரிகிறது.

11 மே

ஏ.எஃப்.ஓ. வந்துவிட்டது. காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அதைக் கொண்டு செய்த வெள்ளை பிளாஸ்டிக் தாங்கி. கெண்டைக்காலின் பின்பக்கத்திலிருந்து உள்ளங்கால் வரை ஒரே துண்டு. பாதத்தைத் தொங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரு அளவு பெரிய ஷூ வேண்டும். வலது காலுக்கு என் அளவு, இடதுக்குப் பெரிது. இரண்டு ஜோடி வாங்கி ஒவ்வொன்றிலும் ஒன்றை வீணாக்க வேண்டியிருக்கிறது.

26 மே

வார் உரசிய இடத்தில் புண். எனக்குத் தெரியவே இல்லை. சாக்ஸில் இரத்தத்தைப் பார்த்து அம்மா கத்தியபோதுதான் தெரிந்தது. இனிமேல் இரவில் கண்ணாடி வைத்துப் பாதத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் தாங்கி போடக்கூடாது. மறுபடி 'டப்'.

17 ஜூன்

மேற்குக் கரையில் தடைக்காலம், ஜூலை 31 வரை. விசைப்படகுகள் எல்லாம் தேங்காப்பட்டணத்தில் கிடக்கின்றன. அப்பாவும் வீட்டில், நானும் வீட்டில், வெளியே மழை. ஃபோனும் கையுமாக இருந்ததில் ஒருவனைக் கண்டுபிடித்தேன்.

ஜெய்லன் ஸ்மித். அமெரிக்கக் கால்பந்து, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் அந்த ஆட்டம். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கு லைன்பேக்கராக, அதாவது தடுப்பாட்டக்காரனாக ஆடினான். 2016 ஜனவரி 1, அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல், எதிரே ஒஹையோ ஸ்டேட். கல்லூரியின் கடைசி ஆட்டம், அடுத்து என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீக்குக்கு ஆள் எடுக்கும் தேர்வில் முதல் சில பேருக்குள் எடுக்கப்படுவான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். தள்ளப்பட்டு இடது கால் தவறாக ஊன்றியது. லிகமென்ட்கள் போயின. கூடவே என்னுடைய அதே நரம்பு, அதே இடது கால், அதே தொங்கும் பாதம்.

தேர்வில் 34-ஆவதாகத்தான் எடுத்தார்கள். எடுத்தது டல்லாஸ் கவ்பாய்ஸ். அவனுடைய முழங்காலில் அறுவை செய்தவரே அந்த அணியின் டாக்டர்தான். மற்ற அணிகள் அறிக்கையைப் படித்தன. இவர்களுடைய டாக்டர் காலைத் திறந்து பார்த்திருந்தார். 2016 சீசன் முழுவதும் அவன் ஆடவில்லை. 2017-இல் தாங்கியைக் கட்டிக்கொண்டு 16 ஆட்டங்களும் ஆடினான். அந்த வருடம் அவனை மெதுவாக இருக்கிறான் என்றுதான் எழுதினார்கள். 2018-இல் தாங்கி இல்லாமல் இறங்கினான். டிசம்பரில் தவறிய பந்தை எடுத்துக்கொண்டு 69 கஜம் ஓடிப் புள்ளி எடுத்தான். அந்தக் காட்சியைப் பலமுறை பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை, இடது பாதத்தை மட்டும்.

அவனைப் பற்றி எழுதியவர்கள் மன உறுதி, விசுவாசம் என்று அடுக்குகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. மன உறுதியால் நரம்பு வளராது. வளருமென்றால் என் அம்மாவின் செபமாலைக்கே வளர்ந்திருக்கும். எனக்குப் பிடித்தது அந்த 2017. சரியாகாத காலோடு, மெதுவாக இருக்கிறான் என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒரு சீசன் முழுவதும் ஆடினானே, அது. காயத்துக்கும் திரும்ப இறங்கிய முதல் ஆட்டத்துக்கும் இடையில் ஏறக்குறைய இருபது மாதம். அவனுக்குச் சம்பளம் இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். செவன்ஸில் ஆடினால் காசு, ஆடாவிட்டால் இல்லை.

20 ஜூலை

பிசியோதெரபிஸ்ட் என் முன்னங்காலில் பேனாவால் கோடு போடுகிறார். எலும்பின் கழுத்திலிருந்து கீழ்நோக்கி விரலால் தட்டிக்கொண்டே வருவார். ஓர் இடத்தில் தட்டும்போது மின்சாரம் பாய்ந்தாற்போலப் பாதத்தில் சுரீரென்கும். வளரும் இழைகளின் நுனி அங்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். மார்ச்சில் போட்ட கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை. குளிக்கும்போது கோடு அழியாமல் பார்த்துக்கொள்கிறேன். அம்மா புரியாமல் திட்டுகிறாள்.

பைக்கை எடுத்துப் பார்த்தேன். கியரைக் குறைக்க முடிகிறது, கூட்ட முடியவில்லை. விரலை அடியில் விட்டுத் தூக்க வேண்டுமே. முதல் கியரிலேயே இரைச்சல்போட்டுக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தேன்.

8 ஆகஸ்ட்

பாதத்தின் வெளி ஓரம் அசைந்தது. வெளியே திருப்பும் தசை. நான் நம்பவில்லை, பிசியோதெரபிஸ்ட் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அட்டையில் "1" என்று எழுதினார். பூச்சியம் முதல் ஐந்து வரையிலான அளவு. ஒன்று என்றால் தசை துடிக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா கடலில் இருக்கிறார். சொல்ல முடியவில்லை.

14 அக்டோபர்

இரவுகள் மோசம். இத்தனை மாதம் ஒன்றுமே தெரியாத பாதத்தில் இப்போது நெருப்பு. போர்வை பட்டாலே எரிகிறது. நல்ல அறிகுறி என்கிறார்கள். நடு இரவில் நல்ல அறிகுறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பகலெல்லாம் தூக்கம்.

பாதம் கொஞ்சம் மேலே வருகிறது. படுத்துக்கொண்டு பக்கவாட்டில் வைத்தால் நன்றாக. உட்கார்ந்து தூக்கினால் பாதி. பெருவிரல் மட்டும் செத்துக்கிடக்கிறது. அதன் தசைக்கு நரம்பு போய்ச் சேரும் வழி இன்னும் நீளம்.

டாக்டர் இன்று இன்னொரு அறுவையைப் பற்றிப் பேசினார். பாதத்தை உள்ளே திருப்பும் தசையின் நாணைக் கழற்றி, எலும்புகளுக்கு ஊடாக முன்பக்கம் கொண்டுவந்து தைத்தால் அது தூக்கும் வேலையைச் செய்யும். தாங்கி இல்லாமல் நடக்கலாம். "ஆடலாமா?" என்று கேட்டேன். "நடக்கலாம்" என்றார் மறுபடியும். இன்னும் சில மாதம் பார்ப்போம் என்று சொல்லி வந்துவிட்டேன். ஒரு வேலையைச் செய்யும் தசையைப் பிடுங்கி இன்னொரு வேலைக்கு வைப்பது, தானாக வந்துகொண்டிருப்பதை அவமதிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இதற்கு மருத்துவத்தில் இடமில்லை என்று தெரியும்.

2 டிசம்பர்

மாலையில் கடற்கரை மைதானத்துக்குப் போனேன். பையன்கள் விட்டுச்சென்ற பந்து. நிறுத்தி வைத்து, தாங்கியைக் கழற்றிவிட்டு, இடது காலால் அடித்தேன். கம்பத்துக்கு உள்ளே போயிற்று, பழைய வேகத்தோடு.

வியப்பதற்கு எதுவும் இல்லை. பூட்ஸின் மேல்பகுதியால் அடிக்கும்போது பாதம் கீழே நீண்டிருக்க வேண்டும். கீழே அழுத்துவது கெண்டைக்கால், அது வேறு நரம்பு, எனக்கு அது போகவே இல்லை. பிறகு ஒரு பையனிடம் பந்தை என்னிடம் உருட்டச் சொன்னேன். சாதாரணப் பாஸ். உட்பாதத்தால் நிறுத்தப் போனேன்; கணுக்கால் இறுகி நிற்காமல் பாதம் தளர்ந்து, பந்து பட்டுத் தெறித்து எங்கோ போயிற்று. அடிக்க முடிகிறது, வாங்க முடியவில்லை. இத்தனை வருடம் என் ஷாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். பந்து காலில் வந்து நிற்பதை யாரும் கவனித்ததில்லை, நான் உட்பட.

அதனால் இனிப் பயிற்சி இதுதான்: சுவரில் அடித்து, திரும்பி வருவதை வாங்குவது. அடிப்பதில் நேரம் செலவிடப் போவதில்லை.

27 ஜனவரி 2024

ஊர்த் திருவிழாப் போட்டி. தாங்கியோடு இறங்கினேன். ஆட்டச் சட்டம் 4-இன்படி பிறருக்கு ஆபத்தான எதையும் அணியக்கூடாது. நடுவர் தாங்கியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார், பஞ்சு வைத்துச் சுற்றியிருந்தேன், சரி என்றார். இரண்டாம் பாதியில் நடுவரிசையில் நின்றேன். இடது ஓரத்தில் ஓட என்னால் ஆகாது. தாங்கி கணுக்காலை வளையவிடுவதில்லை, பாய்ச்சலுக்கு உதைப்பு இல்லை.

நின்ற இடத்தில் வாங்கி, திருப்பி, கொடுத்தேன். இரண்டு முறை பந்தைப் பறிகொடுத்தேன். ஒரு முறை ஓரத்துக்கு நீளமாகப் போட்டுக் கொடுத்ததை என் இடத்தில் ஆடிய பையன் வீணாக்கினான். நன்றாகத் திட்டினேன். அவன் எதிர்த்துப் பேசியதில் எனக்கு மகிழ்ச்சி. ஓராண்டாக என்னிடம் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

6 மார்ச்

பரிசோதனை. தூக்கும் தசை நாலு. வெளியே திருப்புவது நாலு. பெருவிரல் இரண்டு, அது அங்கேயே நின்றுவிடலாம் என்கிறார் டாக்டர். பாதத்தின் மேல்புறம் பாதி மரத்தே இருக்கிறது. நாணை மாற்றும் அறுவை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நடக்கும்போது தாங்கி தேவையில்லை. ஆடும்போது இன்னும் ஒரு சீசனுக்காவது வேண்டும்.

இரவு மலப்புறத்திலிருந்து மேலாளர் அழைத்தார். யாரோ ஊரில் எடுத்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். நவம்பரில் வா, ஆனால் ஆட்டத்துக்குப் பாதிக் காசுதான் என்றார். பழைய ஓட்டம் இல்லையே என்றார். ஓட்டத்துக்கு இருபது வயதுப் பையன்கள் கிடைப்பார்கள், பந்தை வாங்கத் தெரிந்தவன் கிடைக்கமாட்டான் என்றேன். முக்கால் பங்கு, பயணச் செலவு தனி. அதற்குக் கீழே என்றால் வரவில்லை.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.