ஓரியூருக்குப் போன புதன்கிழமை

என் இரண்டாவது மகள் நர்சிங் முடித்து, ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை பேச்சு வந்துகொண்டிருந்த நேரம். ஒரு நாள் இரவு சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அம்மா, நான் கன்னியர் மடத்துக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றாள். அவள் அப்பா ஒன்றும் சொல்லாமல் கடற்கரைக்குப் போய்விட்டார். நான்தான் அழுதேன்.

அதற்குப் பிறகு கடவுளிடம் அடையாளம் கேட்க ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து பார்த்தேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் 'போகட்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு சீட்டு எழுதிப் போட்டேன். முதலில் வந்தது 'போகட்டும்'. சரியாகக் குலுக்கவில்லை என்று சொல்லி மறுபடி எடுத்தேன், 'வேண்டாம்' வந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலையில் அந்த நிம்மதி இல்லை. மூன்று நாள் செபமாலையைக் கையில் எடுக்கவே மனசு வரவில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் இருக்கும் வயதான சிஸ்டர் ஒருவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கதையைச் சொன்னார். 1521இல் பம்பலூனா கோட்டைச் சண்டையில் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாராம். போர்வீரனாகப் பெயர் வாங்குவதை நினைத்தால் அந்த நேரத்துக்கு இனிக்கும், அப்புறம் மனசு வறண்டுவிடும். புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால் நினைத்து முடித்த பிறகும் சந்தோஷம் தங்கும். இந்த வித்தியாசத்தைக் கவனித்துக் கவனித்துத்தான் கடவுளின் சித்தம் எது என்று பிரித்தறிகிற தேர்ந்து தெளிதலை அவர் கற்றுக்கொண்டார். "உன் சீட்டு கொடுத்த நிம்மதி எத்தனை நாள் இருந்துச்சு?" என்று சிஸ்டர் கேட்டார். பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். தீர்மானம் எடுக்கிறவர் மனசு தராசு முள் மாதிரி நடுவில் நிற்க வேண்டும், எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்று இஞ்ஞாசியார் எழுதியிருக்கிறாராம். தராசு எனக்குத் தெரியாததா? இருபது வருடமாக மீன் எடை போடுகிறேன். தட்டு நிற்பதற்கு முன்னால் ஓரத்தில் சுண்டுவிரல் பட்டாலே போதும், நூறு கிராம் கூடிவிடும். வாங்குகிறவருக்குத் தெரியாது. விரல் வைத்தவளுக்குத் தெரியும். நான் கடவுளின் தராசில் விரலை வைத்துக்கொண்டுதான் எடை கேட்டிருக்கிறேன்.

"ஓரியூருக்குப் போய்ட்டு வா, மகளையும் கூட்டிப் போ" என்றார் சிஸ்டர். புதன்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். ராமநாதபுரத்தில் இறங்கி தொண்டி பஸ். தேவிபட்டினம் தாண்டி, திருப்பாலைக்குடி உப்பளம் தாண்டி, வலப்பக்கம் கடல் வருவதும் மறைவதுமாக வந்தது. இடப்பக்கம் பனையும் சீமைக்கருவேலமும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. தொண்டியில் டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

ஓரியூர், புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம். லிஸ்பனில் 1647இல் பிறந்தவர், அங்கே அவர் பெயர் ஜான் டி பிரிட்டோ. அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த பிள்ளை. இயேசு சபையில் சேர்ந்து, 1673இல் கப்பலேறி, மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டிப் பண்டாரசாமியாக நம் ஊர் மண்ணில் நடந்தார். 1686இல் மறவர் நாட்டில் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இந்தப் பக்கம் போதிக்கக் கூடாது என்று விரட்டினார்கள். சபை வேலையாகப் போர்ச்சுகல் போனபோது அங்கேயே இருக்கச் சொல்லி ராஜாவே கேட்டார். இவர் 1690இல் திரும்பி வந்துவிட்டார். மறவர் நாட்டுத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் அவரால் மனம் மாறி ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவர் நாட்டு ராஜா சேதுபதி வீட்டுப் பெண். அதில் மூண்ட பகைதான் அருளானந்தரை ஓரியூருக்குக் கொண்டுவந்தது. 1693 பிப்ரவரி 4, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று அவர் தலையை வெட்டினார்கள். முந்தின நாள், கரியைத் தண்ணீரில் கரைத்து, சாவுக்குக் காத்திருக்கிறேன், ஆவலோடு காத்திருக்கிறேன் என்று சிறையிலிருந்து கடிதம் எழுதினார்.

இதெல்லாம் சின்ன வயதிலிருந்து மறையுரையில் கேட்டதுதான். இந்தத் தடவை எனக்கு அவருடைய அம்மாதான் கண் முன்னால் நின்றார். பிள்ளை சின்னதில் நோயில் விழுந்தபோது சவேரியாரிடம் நேர்ந்துகொண்டவர் அந்த அம்மா. பிழைத்ததும் நேர்ச்சைப்படி ஒரு வருடம் பிள்ளைக்கு இயேசு சபை அங்கியை உடுத்திவிட்டார். அதே அம்மாதான், இந்தியாவுக்குப் போகிறேன் என்று மகன் சொன்னதும், போப்பாண்டவரின் தூதர் வரைக்கும் போய்த் தடுக்கப் பார்த்தார். நேர்ந்தவரும் அவரே, பிடித்து இழுத்தவரும் அவரே. அந்தத் தாயை என்னால் குறை சொல்ல முடியாது. மகன் வேதசாட்சியாகச் செத்த செய்தி லிஸ்பனுக்குப் போய்ச் சேர்ந்தபோது, நன்றிப் பூசைக்கு அவர் துக்க உடுப்பில் போகவில்லை, திருநாள் உடுப்பில் போனார் என்பார்கள். நடுவில் இருந்த அந்த வருடங்களில் அவர் எப்படித் தூங்கினார் என்று நினைத்துக்கொண்டே பூசை முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்து செம்மண் இருக்கும் இடத்துக்கு வந்தோம். சுற்றிலும் மண் வேறு நிறம், அங்கே மட்டும் சிவப்பு. அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது எங்கள் நம்பிக்கை. பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டு வந்தவர்கள், எல்லாரும் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கையில் அள்ளினால் மாவு மாதிரி நைசாக இருக்கிறது. விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது, தட்டினாலும் முழுசாகப் போவதில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இவளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. வைத்தியம் ஒரு பக்கம் நடந்தது. நான் இங்கே ஓடிவந்து, இதே மண்ணை எடுத்துப் போய் அவள் நெற்றியில் பூசி, "அருளானந்தரே, இவ உம்ம பிள்ளை, எனக்கு உயிரோட குடும்" என்று கதறினேன். இருபது வருடமாக அந்த வார்த்தையை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

அங்கேயே முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, இவள் என் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதை உம்முடைய சித்தம் என்று பெயர் வைத்து உம்மிடமே கேட்டேன் என்று சொன்னேன். வேறு செபம் எதுவும் சொல்ல வரவில்லை. பதில் குரலும் கேட்கவில்லை. நெஞ்சில் இருந்த கனம் மட்டும் மெல்ல இறங்கியது. ஒரு வாரம், இரண்டு வாரம் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் அப்போதே தோன்றியது.

எழுந்து பார்த்தால் மகள் கைக்குட்டையை விரித்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டாதடி" என்றேன். "ரெண்டு பொட்டலமாக் கட்டு. எங்க போனாலும் உன் பெட்டியில ஒண்ணு இருக்கட்டும்."

அவள் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள். என் முந்தானையில் ஒரு ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தேன்.