மாலத்தீவு வகுப்பறைக்கு என்ன கொண்டு போவது?

மாலத்தீவுக்கு ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லேமினேட்டரைப் பற்றித்தான். மார்த்தாண்டத்தில் இருக்கும் அக்கா மகளும் அதையே கேட்டாள். "சித்தி, லேமினேட்டர் ஒண்ணு வாங்கட்டுமா?" "வேண்டாம் மக்ளே, அந்த எடைக்குப் புளியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கோ" என்றேன். போனில் சொன்னால் முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவளைப் போலவே இன்னும் சிலர் கேட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் வேலை பார்த்தது வடக்கே ஹா தாலு பகுதியில் ஒரு சின்னத் தீவு. மாலத்தீவுப் பள்ளிகளில் அந்த நாட்டு மொழியான திவேஹியும் இஸ்லாமும் தவிர ஏறக்குறைய எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். அதனால் ஆங்கில டீச்சர் தடுமாறினால் கணக்கு டீச்சருக்கும் சேர்த்துக் கஷ்டம். தீவுக் கடையில் நோட்டும் பேனாவும் கிடைக்கும். சார்ட் பேப்பர், வெல்க்ரோ மாதிரிச் சாமான் வேண்டுமென்றால் அந்தப் பகுதியின் பெரிய ஊரான குல்ஹுதுஃபுஷிக்குப் போகிறவர் யாரையாவது பிடிக்க வேண்டும், இல்லையென்றால் தலைநகர் மாலேயிலிருந்து படகு வர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் பாடம் முடிந்திருக்கும்.

லேமினேட் செய்த அட்டையை அங்கே உப்புக்காற்று விட்டுவைக்காது. வெட்டிய ஓரத்தில் துளி இடைவெளி இருந்தாலும் ஈரம் உள்ளே போய்க் கறுப்புப் புள்ளி விழும். அதைவிட, ஆப்பிள் படம் போட்டு ஒட்டிய அட்டை கடைசிவரை ஆப்பிள்தான். இரண்டு முறை காட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அப்புறம் அலமாரியில் தூங்கும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களிலோ ரயில், பனி, மலை, நாய். ரயில் அந்த நாட்டில் கிடையாது. நாய் வளர்க்க அனுமதி இல்லை. இயற்கையாக அமைந்த மிக உயரமான இடமே கடல் மட்டத்துக்கு மேல் இரண்டரை மீட்டரைத் தொடாது. மலை என்றால் என்ன, அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று இரண்டையும் ஒரே மூச்சில் ஏழு வயதுப் பிள்ளை தலையில் ஏற்ற வேண்டியிருக்கும். பாடப்புத்தகத்தில் வரும்போது சொல்லிக் கொடுத்துதான் ஆக வேண்டும். ஆனால் நாமாகச் செய்யும் சாமானிலும் அதையே ஏன் போட வேண்டும்? காலையில் மாஸ் ஹுனியும் (தேங்காய்ப்பூவில் பிசைந்த சூரை மீன்) ரொஷியும் (நம் சப்பாத்தி மாதிரி) சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளை அது.

அதனால் நான் வைத்துக்கொண்ட ஒரே விதி: அழிக்க முடியாதபடி எதன் மீதும் பாடத்தை எழுதாதே.

பால்பவுடர் டப்பாக்கள் வரும் அட்டைப்பெட்டியைக் கடைக்காரரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார். ஒரே அளவுச் சீட்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் முழுக்க அகல பேக்கிங் டேப் ஒட்டினால் போதும். படகில் பார்சல் போகாத நாள் இல்லை என்பதால் அந்த டேப் எந்தத் தீவிலும் கிடைக்கும். அதன் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதலாம், துணியால் துடைக்கலாம். இன்று மீன் பெயர், நாளைக்கு எதிர்ச்சொல், அடுத்த வாரம் வினைச்சொல். தப்பித்தவறி பெர்மனன்ட் மார்க்கரால் யாராவது எழுதிவிட்டால், அதே எழுத்தின் மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி உடனே துடையுங்கள், போய்விடும்.

ஏ4 பிளாஸ்டிக் உறையும் இதே கதைதான். உள்ளே ஒரு வெள்ளை அட்டையைச் செருகினால் ஆளுக்கொரு குட்டி போர்டு. நாலுவரித் தாளைச் செருகினால் கையெழுத்துப் பயிற்சி, முள் இல்லாத கடிகாரத்தைச் செருகினால் மணி சொல்லும் பாடம். அழிப்பதற்கு ஜோடி தொலைந்த யூனிஃபார்ம் சாக்ஸ். எல்லா வீட்டிலும் அது ஒன்றாவது இருக்கிறது.

இனி கயிறு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வகுப்பின் குறுக்கே ஒரு நைலான் கயிறு, துணி காயப்போடும் மரக் கிளிப், மேலே சொன்ன சீட்டுகள். திவேஹியிலும் தமிழைப் போல வினை கடைசியில்தான் வரும். அதனால் "ஐ ஸ்கூல் கோ" என்பதுதான் அவர்களுக்கும் இயல்பாக வருவது. கயிற்றில் "கோ" சீட்டைக் கழற்றி நடுவில் மாட்டச் சொன்னால் கை செய்து பழகிவிடும். இன்னொன்று, திவேஹியை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போவது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் முதல் சீட்டை வலது கோடியில் கொண்டுபோய் மாட்டுவார்கள். கயிற்றின் இடது கோடியில் ஒரு பச்சை பாட்டில் மூடியைத் துளைபோட்டுக் கோத்து வைத்தேன். பச்சையிலிருந்து கிளம்பு, அவ்வளவுதான். "லெஃப்ட், லெஃப்ட்" என்று தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை.

அந்தக் கயிற்றிலேயே, ஹீ, ஷீ வந்தால் வினையோடு ஒட்டும் "எஸ்" பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. ஒரே ஒரு கிளிப்பில் மட்டும் ஒரு பக்கம் "எஸ்", மறுபக்கம் "இஎஸ்" என்று எழுதினேன். ஷீ, ஈட், ஃபிஷ் என்று மூன்று சீட்டு. "ஈட்"டின் ஓரத்தில் அந்தக் கிளிப்பைக் குத்தினால் "ஷீ ஈட்ஸ் ஃபிஷ்". கேள்வியாக மாற்ற வேண்டுமா? முன்னால் "டூ" வருகிறது, கிளிப் "ஈட்"டை விட்டு எழுந்து, திரும்பி, "டூ"வின் பக்கத்தில் உட்கார்ந்து "டஸ்" ஆகிறது. "டஸ் ஷீ ஈட்ஸ்" என்று ஒருவன் சொன்னால் மற்றவர்கள் கயிற்றைக் காட்டிச் சிரிப்பார்கள். கிளிப் ஒன்றுதானே இருக்கிறது, இரண்டு இடத்தில் எப்படி இருக்கும்? இறந்தகாலத்துக்கு "டிட்" வந்தால் கிளிப் என் பைக்குள் போய்விடும். பத்து வருடம் படித்த பிறகும் ஊரில் நம் பிள்ளைகள் விடாமல் செய்யும் பிழை இது. பெரிய வகுப்புக்கும் இந்தக் கிளிப்பைக் கூச்சப்படாமல் எடுத்துப் போனேன்.

தண்ணீர் பாட்டில் மூடிகளைச் சேர்த்து ஆங்கில எழுத்துகள் செய்யலாம். மூடியின் மேலே எழுதினால் கை வியர்வையில் ஒரு வாரத்தில் தேய்ந்துவிடும். வட்டமாகத் தாள் வெட்டி எழுதி, மூடியின் உட்குழிவில் ஒட்டுங்கள், தேயாது. உயிரெழுத்துகளுக்கு வேறு நிற மூடி. "ஷ்", "ச்" போன்ற ஒலிகளுக்கான இரட்டை எழுத்துகளை ஒரே மூடியில் சேர்த்தே எழுதுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் தனித்தனியாக உடைத்துப் படிப்பார்கள். "இ" நிறைய வேண்டும், "க்யூ" ஒன்று போதும். பாலர் வகுப்புக்கு மட்டும் இது ஆகாது, வாயில் போட்டுக்கொள்ளும் வயது.

ஹுல்ஹங்கு எனப்படும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் செருப்பு ஒதுங்கும். எந்த நாட்டுக்காரர் தொலைத்ததோ, எப்போதும் ஒற்றைதான். கனமான அடிப்பகுதியைக் கழுவிக் காயவைத்து, பிளேடால் கன சதுரமாக வெட்டினால் பகடை. சத்தமே வராது. பக்கத்து வகுப்பிலிருந்து யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எண்ணுக்குப் பதில் ஹூ, வாட், வேர், வென், வை, ஹவ் என்று ஆறு பக்கத்திலும் எழுதி உருட்டினால் விழுந்த சொல்லில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

காந்தத்தால் சீட்டு பிடிக்கும் மீன்பிடி விளையாட்டை எல்லா நாட்டிலும் ஆடுகிறார்கள். அங்கே ஆடும்போது ஒரு எச்சரிக்கை: மாலத்தீவு தூண்டில் முறையில் சூரை மீனைத் தோளுக்கு மேலே சுண்டிப் படகுக்குள் போடுவார்கள். பிள்ளைகளும் அப்படியேதான் சுண்டுவார்கள். பின்னால் யாரும் உட்காரக் கூடாது.

சரி, பெட்டியில் என்னதான் வைப்பது? பிளாஸ்டிக் உறை ஒரு கட்டு, மரக் கிளிப் ஒரு டஜன், நல்ல கத்தரிக்கோல் (பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறிபோகும்), மார்க்கர் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கூடவே, யாரும் நினைக்காத ஒன்று: நம்மூர் தினசரிக் காலண்டர். தாள்கட்டை மட்டும் உருவிக்கொண்டு, சாமி படம் போட்ட அட்டையை வீட்டுச் சுவரிலேயே விட்டுவிடுங்கள். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவர அங்கே தடை, படத்தை வைத்துச் சுங்கத்தில் ஏன் வாதாட வேண்டும்? ஒன்று முதல் முப்பத்தொன்று வரை அத்தனை பெரிய அச்சு எண்கள் வேறு எங்கே இந்த விலைக்குக் கிடைக்கும்? தேதி சொல்ல, பிறந்தநாள் வரிசையில் நிற்க, "ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட்" பழக எல்லாவற்றுக்கும் ஆகும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஜூனில் கிளம்புகிறீர்கள் என்றால், மளிகைக்கடையில் இலவசமாகத் தந்த காலண்டரில் கிழிக்காமல் பாதி மிச்சமிருக்கும்.