பஞ்ச் கார்டு ரீடர்: 30 துடிப்புக்கு ஒரு எழுத்து

பழைய கணினிகளுக்காக ஓட்டை குத்திய பஞ்ச் கார்டுகளைக் கையால் இழுத்துப் படிக்கும் ரீடர் இது. அட்டை பழைய ஐபிஎம் அளவு: 187.3 × 82.6 மி.மீ., 80 நெடுவரிசை (ஒன்றுக்கு ஒரு எழுத்து), 12 வரிசை. வரிசைகளுக்கு நடுவே 6.35 மி.மீ. இருப்பதால் ஓட்டை வழியே வரும் ஒளியை உணரும் 3 மி.மீ. போட்டோடிரான்சிஸ்டர் 12 தாராளமாக நிற்கும். வம்பெல்லாம் நெடுவரிசையில்தான். இடைவெளி 2.21 மி.மீ. மட்டுமே, கை இழுக்கும் வேகம் கொஞ்சம் மாறினாலும் பக்கத்து எழுத்தைப் படித்துவிடும்.

அட்டை நகர்ந்த தூரத்தை எண்ண வைத்த, 20 காடி உள்ள என்கோடர் தட்டு சரிப்படவில்லை. அட்டை நுழையும்போது காடி எங்கே நிற்கிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால் ஆரம்பத்திலேயே பிசகு. இப்போது இருப்பது ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் என்கோடர். அட்டையோடு உருண்டு என்கோடரைச் சுற்றும் ரப்பர் உருளையின் விட்டம் 14.07 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 20 நெடுவரிசை, ஒன்றுக்கு 30 துடிப்பு. அட்டையின் நுனி நுழைந்து 86 துடிப்பு போனதும் முதல் நெடுவரிசையின் நடு வரும். 13.5 மி.மீ. உருளை என்றால் கடைசிக்குள் மூன்று எழுத்து தள்ளிப்போகும். 14.0 கிடைத்தால் ரப்பருக்கு அடியில் செல்லோ டேப் ஒரு சுற்று; அவ்வளவுதான். உருளை, அட்டை நுழையும் பக்கமாக, சென்சாருக்கு 3 மி.மீ. முன்னால் இருக்கட்டும், 80-ஆவது நெடுவரிசையும் பிடி விடாமல் கடக்கும்.

சென்சார் மறைப்பில் பிளவு அறுக்க, செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் புழங்கும் ஊசி அரம் அருமை. போட்டோடிரான்சிஸ்டரை மின் சப்ளையோடு இணைக்கும் புல்-அப் மின்தடை 47 கிலோ ஓம் போட்டால் அட்டை வழியே கசியும் அகச்சிவப்பும் ஓட்டையாகப் பதிகிறது, 10 போதும்.

ஏற்காட்டுப் பனியில் கிடந்த அட்டைக் கட்டு வளைந்து பிளவில் மாட்டும். சேலத்துக்கு இறக்கி, இரண்டு பலகைக்கு நடுவே பாரம் வைத்து நிழலில் இரண்டு நாள் விட்டால் படிகிறது. ஈரம் எடுக்க அரிசி டப்பா வேண்டாம், தவிட்டுத் தூசி பிளவை அடைக்கும்.

அடுத்தது எந்த ஓட்டைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல். 029, 026 இரண்டும் ஐபிஎம்மின் ஓட்டை குத்தும் இயந்திரங்கள். 029 பட்டியலில் படித்து, அடைப்புக்குறி வரவேண்டிய இடத்தில் % , < என்று வந்தால் அது 026-இல் குத்திய ஃபோர்ட்ரான் (நிரல்மொழி) கட்டு. கணக்குக் கட்டில் 12N என்று வந்தால் ரீடர் மேல் பழி இல்லை: 5-க்கு மேலே மைனஸ் குறியாக 11-ஆம் வரிசையிலும் குத்தியிருக்கிறார்கள், இரண்டும் சேர்ந்தால் N, தொகை மைனஸ் 125. ஒரே நெடுவரிசையில் 1 முதல் 7 வரை உள்ள வரிசைகளில் இரண்டு ஓட்டை தெரிந்தால் மட்டும் அட்டையைத் திரும்ப விட வேண்டும்.

அட்டையின் வரிசை எண்ணைக் குத்தும் 73–80 நெடுவரிசை காலியாக உள்ள கட்டுக்கு, மேல்விளிம்பில் குறுக்காக இழுத்த மார்க்கர் கோடுதான் அட்டைகளின் வரிசையைக் காட்டும். ரப்பர் பேண்டைக் கழற்றும் முன் அதை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.