கிழங்குத் தண்ணீரில் கிடைத்த நுரை

சேலம், ஆத்தூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீரின் புளித்த வாடையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரவள்ளிக் கிழங்கை அரைத்து, திப்பியைப் பிரித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை வெளியேற்றுவார்கள். அதில் மாவும் சர்க்கரையும் மிச்சம் இருக்கும். வாய்க்காலில் விட்டால் ஊருக்கே நாற்றம். பாக்டீரியாவுக்கோ நல்ல தீனி. எண்ணெய் ஊறிய மண்ணைக் கழுவும் பொருளைப் பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கும் என் முதுகலை ஆய்வுக்கு இந்த நீரை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

பாசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா சர்ஃபாக்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. 1968-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட இது, 7 அமினோ அமிலங்கள் ஒரு கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து வளையமான மூலக்கூறு. சோப்பு செய்யும் வேலையை மிகச் சிறிய அளவிலேயே செய்துவிடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை (மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் விசை) மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன்; இது அதை 27 வரை இறக்கும்.

ஆலையருகே எண்ணெய் சிந்திய மண்ணை எடுத்து நீரில் கரைத்து, 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்தேன். வித்து (கடினமான உறங்கு நிலை) உருவாக்கும் பாசிலஸ் போன்ற வகைகள் மட்டும் அந்தச் சூட்டைத் தாங்கும். பிறகு அவற்றில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் சோதனை. பெட்ரி தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே பழைய இன்ஜின் ஆயிலை மெல்லிய படலமாகப் பரப்பி, பாக்டீரியா வளர்ந்த நீரில் ஒரு சொட்டை நடுவில் விட வேண்டும். பெரும்பாலான சொட்டுகள் ஒன்றும் செய்யவில்லை. ஒன்று மட்டும், விழுந்த நொடியில் கறுப்புப் படலத்தை ஓரம் வரை தள்ளி, நடுவே கண்ணாடி போல் தெளிந்த வட்டத்தை விட்டது. எத்தனை முறை செய்தாலும் அலுக்காத காட்சி அது.

கழிவுநீரைத் தொட்டியிலிருந்து வந்த அன்றே கொதிக்க வைத்துவிடுவது நல்லது. கிழங்கிலிருந்து வரும் சயனைடு ஆவியாகிப் போகும், புளிக்க வைக்கும் மற்றக் கிருமிகளும் அடங்கும். தெளிந்த நீரை எடுத்து, கார அமிலத் தன்மையை (pH) 7-க்குக் கொண்டுவந்து, கொஞ்சம் அம்மோனியம் நைட்ரேட்டும் துளி இரும்பு, மாங்கனீசு உப்புகளும் சேர்த்தேன். மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி இந்தப் பாக்டீரியாவிடமே இருக்கிறது.

தேர்ந்தெடுத்த பாக்டீரியாவை அதில் கலந்து குலுக்கி இயந்திரத்தில் வைத்ததும் உண்மையான பாடு தொடங்கியது: நுரை. பஞ்சு அடைப்பை நனைத்து, குடுவைக்கு வெளியே வழிந்தது. நுரை அடக்கும் மருந்தைக் கையில் எடுத்தபோது பேராசிரியை தடுத்தார். “அதை ஊற்றாதே. நீ தேடும் பொருளே அந்த நுரையில்தான் ஏறி வருகிறது” என்றார். நுரையைத் தனிக் குடுவைக்குக் குழாய் வைத்து இழுத்தோம். அது அடங்கி நீரானதும் பரப்பு இழுவிசையை அளந்தால், குடுவையில் நின்ற நீரைவிட நன்றாகக் குறைந்திருந்தது. இந்த வேலையில் இறங்குபவர்கள் முதலில் திட்டமிட வேண்டியது நுரைக்கான வழியைத்தான்; பாக்டீரியா தானாக வளர்ந்துகொள்ளும்.

பாக்டீரியாவைச் சுழற்றிப் பிரித்துவிட்டு, நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு pH-ஐ 2-க்கு இறக்கினால், திரிந்த பால் மாதிரி வெண்திப்பிகள் எழும். இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தால் அடியில் படியும். காய்ந்த பிறகு கிடைப்பது பழுப்புப் பொடி. புரதமும் கிழங்கின் நிறமும் அதில் கலந்திருக்கும். பாக்டீரியா போடாத கழிவுநீரையும் இதே படிகளில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள். மாவே எண்ணெயோடு ஓரளவு கலந்து ஏமாற்றும்.

மெத்தனாலில் கரைத்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் செலவு அங்கேதான் ஏறுகிறது. எண்ணெய் ஊறிய மண்ணைக் கழுவ அவ்வளவு தூய்மை தேவையில்லை என்பது என் கருத்து. டீசல் ஊறிய மணலை வெறும் தண்ணீரில் குலுக்கியபோது பெரும்பகுதி எண்ணெய் மணலிலேயே ஒட்டி நின்றது. லேசான காரநீரில் அந்தப் பழுப்புப் பொடியைக் கரைத்துக் குலுக்கியதும் எண்ணெய் கழன்று மேலே வந்தது. அமிலம் கலந்த மிச்ச நீரைச் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்த பிறகே வெளியே விட வேண்டும். செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.