அம்மா காட்டிய துறை

மலேசியாவின் குளுவாங்கில் நான் பிறந்து வளர்ந்த செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்திலேயே முதுகலை ஆய்வு செய்யப் போகிறேன் என்றதும், "செம்பனைக்குள்ளே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார் அம்மா. இருபது ஆண்டுகள் அங்கே மருந்தடித்தவர் அவர்.

தோட்டத்தின் நடுவே ஓடும் ஆற்றின் கரைப்புதரை எந்தெந்த விலங்குகள், எந்த இடத்தில் பயன்படுத்துகின்றன என்பதே என் ஆய்வு. அதில் ஓர் அவசரமும் இருந்தது. செம்பனைக்கு 25 வயதானால் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். எங்கள் பக்கம் அந்த நேரம் நெருங்கியிருந்தது. கரையோரம் கன்று நட்டுவிட்டால் அடுத்த 25 ஆண்டுகளுக்கு அதைப் பற்றிப் பேசவே முடியாது.

வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் ஆய்வு அனுமதியும் தோட்டத்தின் சம்மதக் கடிதமும் தேவைப்பட்டன. இதே வேலையில் இறங்குகிறவர்கள் தோட்டக் கடிதத்துக்கு முதலில் அலையுங்கள். மூன்று முறை தோட்ட எழுத்தரான கிராணியைப் பார்த்த பிறகுதான் மேனேஜர் மனம்விட்டுப் பேசினார்: "பாதுகாக்கப்பட்ட விலங்கு ஏதாவது படத்தில் விழுந்தால் என் வேலையை நிறுத்திவிடுவார்களா?" நியாயமான பயம். எந்தத் தகவல் யாருக்குப் போகும், இடக்குறிப்பு எப்படி மறைக்கப்படும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து கிடைத்தது.

வரைபடத்தில் சம இடைவெளியில் புள்ளி வைத்து 12 தானியங்கிக் கேமராக்களைக் கட்டினேன். முதல் மாதம் படம் படமாக ஆடும் மட்டைதான். இந்தக் கேமராவின் உணரி வெப்பமும் அசைவும் சேர்ந்தால் இயங்கும். வெயிலில் காய்ந்த மட்டை காற்றில் ஆடினாலே போதும். முன்னால் இருந்த புல்லை வெட்டி, கிழக்கும் மேற்கும் பார்த்தவற்றை வடக்கே திருப்பி, முழங்கால் உயரத்துக்கு இறக்கினேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் வைத்தேன். பிறகு காட்டுப்பன்றியும் மரநாயும் வந்தன. ஒருமுறை சிறுத்தைப்பூனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கூடவே வந்தார். என் புள்ளிகள் எதிலும் சேராத, கரை தாழ்ந்த ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். மருந்துப் பம்புக்குத் தண்ணீர் மொண்ட துறை. சேற்றில் தடம் இருந்தது. "பன்றி என்றால் குளம்பு இரண்டாகப் பதியும். இதில் மூன்று இருக்கிறது பார்." குனிந்து பார்த்தேன். சில தடங்களில் ஓரமாக நான்காவது விரலும் லேசாகப் பதிந்திருந்தது. முன்காலில் நான்கு, பின்காலில் மூன்று: தாபிர். மலாய்க்காரர்கள் தெனுக் என்பார்கள். குட்டைத் துதிக்கை போன்ற மூக்குள்ள, முழுப் பாதுகாப்புப் பெற்ற, அழியும் நிலையில் உள்ள விலங்கு. எங்கள் தோட்டத்துத் தண்ணீரை அது குடித்துக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு கேமராவை மாற்றிக் கட்டினேன். ஒன்பது இரவுகளில் அது வந்து போயிருந்தது. ஒன்பது தாபிர் என்று எழுதிவிட முடியாது. ஒரே விலங்கே திரும்பத் திரும்ப வந்திருக்கலாம். எண்ணிக்கை சொல்லாமல், இந்தத் துறையை அது பயன்படுத்துகிறது என்று மட்டும் அறிக்கையில் எழுதினேன்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "நாங்கள் பம்பைக் கழுவியதும் அங்கேதான்" என்றார்.

அவர் காலத்தில் அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை. மற்ற களைக்கொல்லிகள் இன்னும் புழங்குகின்றன. அதனால் அறிக்கையில் இரண்டே கோரிக்கைகள் வைத்தேன். ஐந்து முதல் பத்து மீட்டர் அகல ஆற்றுக்கு இரு கரையிலும் 10 மீட்டர் விட வேண்டும் என்பது வடிகால் துறையின் வழிகாட்டி. எங்கள் ஆறு ஏழு மீட்டர். அந்த 10 மீட்டருக்குள் மறுநடவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம் என்பது முதல் கோரிக்கை. பம்பு கழுவும் இடத்தை ஆற்றிலிருந்து தள்ளி அமைக்க வேண்டும் என்பது இரண்டாவது.

மேனேஜர் முதலில் இரண்டாவதை ஏற்றுக்கொண்டார். அதற்குச் செலவு குறைவு. முதலாவதற்கு மேலிடத்தின் சம்மதம் வர நான்கு மாதங்கள் ஆயின. போன மாதம் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணன் சிவப்புச் சாயத்தோடு வந்து, அந்த 10 மீட்டர் எல்லையைக் காட்டக் கரையோர மரங்களில் வளையம் போட்டார். எந்த மரத்தில் தொடங்குவது என்று அவர் அம்மாவைத்தான் கேட்டார்.