சக்தியைக் கூட்டியும் எழுத்துகள் மீளவில்லை

மாலையில் அமெச்சூர் வானொலியின் 40 மீட்டர் அலைவரிசையில், தட்டச்சு செய்த எழுத்துகளை ஒலியாக்கி அனுப்பும் பிஎஸ்கே31 முறை வழியாக உரையாடும்போது ஒலி தெளிவாகக் கேட்கும். திரையில் மட்டும் எழுத்துகள் சிதைந்து விழும். காரணம் அறியும் ஆவலில் சென்ற வாரம் வானொலி அலை வழியில் படும் பாட்டைக் கணினியில் போலச்செய்யும் வாட்டர்சன் மாதிரியைப் பைத்தான் நிரலாக எழுதினேன். வானின் உயரத்தில் உள்ள மின்னேற்ற அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பும் இரண்டு பாதைகள், இடையே 2 மில்லிவினாடி தாமதம், 1 ஹெர்ட்ஸ் அளவுக்கு அலைபாயும் வலிமை.

முதலில் தாமதத்தைத்தான் சந்தேகித்தேன். ஆனால் பிஎஸ்கே31இன் ஒரு குறி, அதாவது ஒரு 0 அல்லது 1, 32 மில்லிவினாடி நீடிக்கும். 2 என்பது அதில் பதினாறில் ஒரு பங்கு. இவ்வளவு சேதத்துக்கு அது போதாது. சக்தியை நான்கு மடங்காக்கினேன். பிழைகள் சற்றுக் குறைந்து, அதற்குமேல் இறங்க மறுத்தன. இரைச்சலை அறவே நீக்கினேன். அப்போதும் பிழைகள் இருந்தன!

அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே அதன் கட்டம் (phase). அதை வரைபடமாக்கியபோதுதான் விளங்கியது. அலை அடியோடு மங்கும் கணத்தில் அதன் கட்டம் ஏறத்தாழ 180 பாகை புரண்டுவிடுகிறது. பிஎஸ்கே31இல் கட்டம் புரண்டால் 0, புரளாவிட்டால் 1. நான் 1 அனுப்பிய இடத்தில் வானம் 0 எழுதிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வரைபடத்துக்காகவே மூன்று இரவுகள் விழித்தது தகும்.

அடுத்து ஒலிவியா. போலந்தின் பாவெல் யாவோஹா 2003இல் உருவாக்கி, தம் மகளின் பெயரைச் சூட்டிய முறை. 1000 ஹெர்ட்ஸ் அகலத்தில் 32 தொனிகள். எந்தத் தொனி ஒலித்தது என்பதே கேள்வி, கட்டத்துக்கு வேலையே இல்லை. ஐந்து எழுத்துகள் சேர்ந்து ஒரு தொகுதி; ஒவ்வோர் எழுத்தும் வால்ஷ் சார்பு என்ற கணித வடிவத்தால் 64 குறிகளில் பரவி, 2.048 வினாடியில் போய்ச் சேரும். தாமதம் 2 மில்லிவினாடி என்றால், இரு பாதை அலைகளும் ஒன்றையொன்று அழித்து, அலைக்கற்றையில் 500 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழும். ஒடுங்கிய பிஎஸ்கே31 அதில் முழுதாக மூழ்கும். ஒலிவியா இழப்பது சில தொனிகளை மட்டுமே. இரைச்சலைத் திரும்பச் சேர்த்த பிறகும் என் சோதனை வரிகள் பிழையின்றி வந்தன. வேகம் வினாடிக்கு இரண்டரை எழுத்துக்கும் குறைவு. அதைக் குறையாகவே நான் கருதவில்லை.

நேற்று ஒரே பாதையை வைத்து, மங்கலை 0.1 ஹெர்ட்ஸுக்கு மெதுவாக்கினேன். ஒலிவியாவும் திணறியது. பாதை ஒன்றே என்பதால் எல்லாத் தொனிகளும் சேர்ந்தே தாழ்கின்றன. அந்தத் தாழ்வு சில நேரம் ஒரு தொகுதியைவிட நீளமாக இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியையும் பத்து வினாடி கழித்து மறுபடி அனுப்பி, இரண்டையும் கூட்டிப் படிக்கும் நிரலை இன்றிரவு எழுதத் தொடங்குகிறேன்.